இரு கரைக்கும் ஒரு சபை

பாக் நீரிணை மீனவர் விஷயம் நமது நேயர்களுக்குப் புதியதன்று. ராமேசுவரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் முதலிய கரைகளிலிருந்து சென்ற படகுகளை இலங்கைக் கடற்படையார் பிடித்தனர் என்றும், இத்தனை பேர் சிறைப்பட்டனர் என்றும், துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தது என்றும், டெல்லிக்குக் கடிதம் போயிற்று என்றும் செய்தி வராத மாதம் அரிது. 2024-ம் வருஷத்தில் மட்டும் 500-க்கு மேற்பட்ட இந்திய மீனவர்கள் இவ்வாறு பிடிபட்டனர். செய்தி வந்த அன்று நாட்டில் கோபம் பொங்குகிறது. விடுதலைச் செய்தி வந்த அன்று அது தணிகிறது. அடுத்த படகு பிடிபடும் வரையில் அந்த விஷயத்தைப் பிரஸ்தாபிப்பார் இல்லை. இந்தச் சுழலிலிருந்து வெளியேற வழி ஒன்றுண்டு. அவ்வழி டெல்லியிலோ கொழும்பிலோ தொடங்குவதன்று. இரு கரைகளிலும் உள்ள மீனவர் சங்கங்களிடத்தே தொடங்குவது. அச்சங்கங்கள் தமக்குள் நிலையான உறவு ஒன்றை ஸ்தாபித்துக்கொள்ள வேண்டும் என்பதும், அவ்வுறவு நிலைப்பதற்குச் சில நிபந்தனைகள் இன்றியமையாதவை என்பதுமே இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள்.

வழக்கின் வேர்

இரு கரையாரும் ஒரே மொழி பேசுவோர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறையச் 30 கிலோமீட்டரே. 1964-ம் வருஷம் டிசம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரையில், ரயிலில் வந்து இறங்கியவர் அங்கே கப்பலேறி அக்கரையில் மீண்டும் ரயிலேறுவர். இன்றும் வருஷந்தோறும் தவக்காலத்தில் கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவில் இரு கரை மீனவர்களும் ஒரே மணலில் அமர்ந்து ஜபம் செய்கின்றனர். இவ்வளவு நெருக்கம் இருந்தும் பகை மூண்டதேன்? “தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு” என்பது நம்மவர் பழமொழி. உறவுமுறையைச் சொல்லி வயிற்றுப் பசியை மறைக்க இயலாது. ஆதலின் வயிற்றின் கணக்கையே முதலில் பார்ப்போம்.

1983-ம் வருஷம் முதல் 2009-ம் வருஷம் வரை இலங்கையின் வட மாகாணத்தில் யுத்தம் நடந்தது. அக்காலம் முழுவதும் அங்குள்ள கடற்றொழிலாளர்க்குக் கடல் பெரும்பாலும் அடைபட்டே கிடந்தது. இரவில் தொழிலுக்குப் போகத் தடை, இயந்திரத்துக்குத் தடை, இத்தனை தூரத்துக்கு அப்பால் போகத் தடை என்று தடைமேல் தடை. பலர் கரையை விட்டே விரட்டப்பட்டனர். பலர் அகதிகளாக நம் மண்டபம் முகாமுக்கு வந்தனர். அதே காலத்தில் நம் கரையில் விசைப்படகுகள் பெருகின. 1950-ம் ஆண்டுகளில் நார்வே தேசத்தின் உதவியோடு நம் நாட்டுக் கடற்றொழிலில் இயந்திரப் படகுகள் புகுந்தன. பின்னர் வெளிநாட்டுச் சந்தையில் இறாலுக்கு ஏறிய விலை, இழுவலை கட்டிய படகுகளைப் பெருக்கிற்று. சர்க்காரே கடனும் மானியமும் கொடுத்து ஊக்கிற்று. நம் பக்கத்துக் கடலில் இறால் குறையக் குறைய, ஆளில்லாமற் கிடந்த அக்கரைக் கடலை நோக்கி அப்படகுகள் சென்றன. 2009-ம் வருஷம் யுத்தம் முடிந்து, அக்கரையார் வலையை எடுத்துக்கொண்டு தம் கடலுக்குத் திரும்பியபோது, அங்கே நம் இழுவைப்படகுகள் நிற்பதைக் கண்டனர். வழக்கின் வேர் இதுவே.

இழுவலை என்பது யாது என்று அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. பை போன்ற வலை ஒன்றின் வாயை இரு பலகைகளால் விரித்துவைத்து, கடலின் அடித்தரையோடு அதை இயந்திரப் பலத்தால் இழுத்துச் செல்வதே இழுவைத் தொழில். அடியில் உள்ள யாவும் அதில் வாரப்படும். விற்பனைக்குரிய இறாலும் மீனும் போக, குஞ்சும் குறுமீனும் கலந்த ‘சங்காயம்’ குவியும். அது கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் போகும். மீன் குஞ்சு பொரித்து வளரும் கடற்புல் வேரோடு பறிபடும். பாக் விரிகுடா ஆழமற்ற கடல். ஆதலால் இத்தீங்கு அங்கே இரு மடங்கு. இது மட்டுமன்று. சிறு படகுக்காரன் மாலையில் வழிவலையையும் நண்டுவலையையும் கடலில் விரித்துவைத்து விடியற்காலையில் எடுப்பவன். இரவில் இழுவைப்படகு அவ்வழியே சென்றால் அவன் வலை துண்டு துண்டாகிவிடும். அந்த வலையே அவனுடைய சொத்து. கடன் வாங்கி வாங்கிய சொத்து. ஓரிரவில் அது போனால் பல மாத வருமானம் போயிற்று.

இதனால் இவ்வழக்கு இந்திய மீனவனுக்கும் இலங்கை மீனவனுக்கும் இடையே உள்ள வழக்கு என்று கூறுவது பாதி உண்மையே. பெரிய வலைக்கும் சிறிய வலைக்கும் இடையே உள்ள வழக்கு என்பதே முழு உண்மை. நம் கரையிலேயே நாட்டுப்படகு மீனவர்கள் இழுவைப்படகுகளைப் பற்றி இதே முறையீட்டைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றனர். அவர்கள் நெடுந்தீவுக்காரருடன் ஒரே மேடையில் நிற்க வேண்டியவர்கள். ஆனால் மேடை போடுகிறவர்கள் அவர்களை அழைப்பது அரிது.

பேச்சு நடந்தது, உறவு நிலைக்கவில்லை

இரு கரைச் சங்கங்களும் பேசவே இல்லை என்று யாரும் எண்ணலாகாது. 2004-ம் வருஷத்தில் நம் கரை மீனவர் தூதுக்குழு ஒன்று இலங்கைக்குச் சென்று அங்குள்ள சங்கத்தாருடன் மனம்விட்டுப் பேசிற்று. 2010-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அக்கரைத் தூதுக்குழு தமிழ்நாட்டுக்கு வந்தது. அப்போது இரு தரத்தாரும் கண்ட உடன்படிக்கை நினைவில் வைக்கத்தக்கது. ஒரு வருஷத்துக்குள் நம் படகுகள் அக்கரைக் கடலில் இழுவைத் தொழிலை நிறுத்திவிடுவதென்றும், அதுவரையில் வருஷத்துக்கு 70 நாள் மட்டும், கரையிலிருந்து குறித்த தூரத்துக்கு அப்பால் தொழில் செய்வதென்றும் மீனவர்களே பேசி முடிவு செய்தனர். எந்த ராஜதந்திரியும் எழுதிக் கொடுத்த வாசகமன்று அது. வலை பிடித்த கைகள் எழுதியது. எனினும் அது நிறைவேறவில்லை. சர்க்கார்கள் அதை ஏற்று முத்திரையிடவில்லை. கையெழுத்திட்ட சங்கங்கள் கையெழுத்திடாத சங்கங்களைக் கட்டுப்படுத்த இயலவில்லை. நாள்தோறும் கண்காணிக்கப் பொதுவான சபை ஒன்றும் இருக்கவில்லை.

2014-ம் வருஷம் ஜனவரியில் சென்னையிலும், மே மாதத்தில் கொழும்பிலும், 2015-ம் வருஷம் மார்ச்சில் மீண்டும் சென்னையிலும் பேச்சு நடந்தது. இம்முறை இரு சர்க்கார் அதிகாரிகளும் உடனிருந்தனர். நம் தரத்தார் மூன்று வருஷ அவகாசமும், அதுவரையில் வருஷத்துக்கு 83 நாள் தொழில் உரிமையும் கேட்டனர். 2010-ல் ஒரு வருஷம், 70 நாள் என்றிருந்தது, ஐந்து வருஷம் கழிந்தபின் மூன்று வருஷம், 83 நாள் என்று வளர்ந்திருந்தது! அக்கரையார் இதை ஏற்காததில் வியப்பென்ன? கொடுத்த வாக்கு சுருங்காமல் நீண்டால், கேட்பவனுக்கு நம்பிக்கை எங்ஙனம் உண்டாகும்?

2016-ம் வருஷம் நவம்பரில் டெல்லியில் சங்கப் பிரதிநிதிகளும், பின்னர் மந்திரிகளும் கூடினர். கூட்டுப் பணிக்குழு ஒன்று அமைப்பதென்றும், அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவதென்றும், மந்திரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்திப்பதென்றும் அறிக்கை வெளியாயிற்று. அக்குழுவின் ஆறாவது கூட்டம் நடந்தது 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில். சொன்னபடி நடந்திருந்தால் அதற்குள் முப்பது கூட்டங்கள் முடிந்திருக்க வேண்டும். இது சர்க்கார்களின் கணக்கு. 2025-ம் வருஷம் மார்ச்சில் நம் மீனவர் சிலர் மீண்டும் இலங்கைக்குச் சென்று வவுனியாவில் அக்கரைச் சங்கத்தாரைச் சந்தித்தனர். அக்கரையார் கேட்டது பழைய கேள்வியே: இழுவலையை எப்போது நிறுத்துவீர்கள்?

இருபது வருஷத்துக்கு மேற்பட்ட இச்சரித்திரத்திலிருந்து பெறும் பாடம் என்ன? பேச விருப்பம் இரு கரையிலும் இருக்கிறது. சண்டை முற்றியபோது கூடுவதும், ஒருவர் வாயை மற்றவர் அடக்கியதும் கலைவதும், அடுத்த சண்டை வரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருப்பதும் உறவாகா. பஞ்சாயத்துக்கு மட்டும் சந்திக்கும் பங்காளிகள் பங்காளிகளாகவே இருப்பர், நண்பராவதில்லை.

நம் கரையிலேயே ஒரு முன்மாதிரி

சமமில்லாத இரு தரத்தார் ஒரே கடலைப் பகிர்ந்துகொள்ள இயலுமா என்று ஐயுறுவோர்க்குப் பாக் விரிகுடாவிலேயே விடை இருக்கிறது. விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இடையே நம் கரைகளில் ஒரு காலத்தில் அடிதடியும் படகு எரிப்பும் நடந்தன. அக்கலகங்களின் விளைவாகவே 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகுகள் தொழில் செய்யலாகாது என்று அது விதித்தது. சட்டம் எவ்வளவு தூரம் அனுஷ்டிக்கப்பட்டது என்பது வேறு விஷயம். ஆனால் ராமேசுவரம் கரையில் வேறொரு ஏற்பாடும் வழங்கி வருகிறது: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு என்பதே அது.

இவ்வேற்பாட்டில் குறைகள் உண்டு, மீறல்களும் உண்டு. எனினும் அது உயிரோடு இருக்கும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். அதன் நிபந்தனை எழுத்தறியாதவனுக்கும் விளங்கும். இன்று என்ன கிழமை என்று அறிந்தவன் இன்று யாருடைய முறை என்பதையும் அறிவான். மீறியவனைக் கரையிலுள்ள எல்லாரும் கண்ணாலே காண்பர். கூடிக் கலையும் மகாநாட்டுத் தீர்மானத்தைப்போல அது வருஷத்துக்கு ஒருமுறை நினைக்கப்படுவதன்று, வாரந்தோறும் கைக்கொள்ளப்படுவது. நிலைத்த உறவுக்கு வேண்டிய லக்ஷணங்கள் இவையே. இவற்றைக் கடலின் குறுக்கே கொண்டுசெல்வதுதான் இப்போது வேண்டியது.

சபை எவ்வாறு அமைய வேண்டும்?

முதலாவது, யார் அமர்வது என்பது. அக்கரையில் கிராமந்தோறும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், அவற்றின்மேல் சமாசம், அவற்றின்மேல் மாவட்டச் சம்மேளனம் என்ற படிமுறை இருக்கிறது. கீழ்ப்படியில் உள்ளவன் தெரிந்தெடுத்த பிரதிநிதியே மேற்படியில் பேசுகிறான். நம் கரையிலோ ஒரே துறைமுகத்தில் பல சங்கங்கள். அவற்றுட் பெரும்பாலானவை படகு உரிமையாளர் சங்கங்கள். படகில் போகிறவன் பங்குக்கு உழைக்கும் தொழிலாளி. பிடிபட்டால் உரிமையாளருக்குப் படகு போகிறது. தொழிலாளிக்குச் சுதந்திரம் போகிறது. ஆயினும் பேச்சு மேடையில் படகுக்கே நாற்காலி, ஆளுக்கு இல்லை. இது நீதியன்று, இதனால் உடன்படிக்கையும் நிலைப்பதில்லை. ஆகவே நம் கரையில் விசைப்படகு உரிமையாளர், படகுத் தொழிலாளர், நாட்டுப்படகு மீனவர் ஆகிய மூவகையாரும் முதலில் தமக்குள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மீன் விற்கும் பெண்களும் கருவாடு போடும் பெண்களும் அதில் இடம்பெற வேண்டும். சிறையில் உள்ளவனுடைய வீட்டை நடத்துகிறவர்கள் அவர்களே அல்லவா? தன் வீட்டில் ஒற்றுமை காணாதவர் அயல்வீட்டாருடன் ஒப்பந்தம் செய்தால் அது ஒரு திங்களுக்கு மேல் நிற்பதில்லை.

இரண்டாவது, எப்போது கூடுவது என்பது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலம். வலை பழுது பார்க்கும் அக்காலத்தில் உறவையும் பழுது பார்க்கலாம். வருஷந்தோறும் அக்காலத்தில் ஒருமுறை, கச்சத்தீவுத் திருவிழாவை ஒட்டி ஒருமுறை என்று இரு கூட்டங்கள் நாள் குறித்து நடைபெற வேண்டும். சண்டை இருந்தாலும் கூட வேண்டும். இல்லாவிட்டாலும் கூட வேண்டும். ஒரு வருஷம் இக்கரையில், மறு வருஷம் அக்கரையில். தலைமையும் அவ்வாறே மாறி வர வேண்டும்.

இங்கே நம்மவர்க்கு வாய்த்துள்ள ஒரு பெரும் பாக்கியத்தைக் குறிப்பிட வேண்டும். உலகில் இரு தேசத்து மக்கள் வழக்குத் தீர்க்கக் கூடினால் துபாஷி வேண்டும். இவ்விரு கரையாருக்கு வேண்டியதில்லை. டெல்லியிலும் கொழும்பிலும் அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும் அறிக்கையை மீனவர்கள் பிறர் சொல்லக் கேட்டு அறிகின்றனர். தங்களுடைய சபையின் நடவடிக்கைகளை அவர்கள் தமிழிலேயே எழுதி, இரு கரையிலும் உள்ள ஒவ்வொரு சங்கத்திலும் வாசிக்கச் செய்யலாம். வாசகம் விளங்கினால் வாக்கும் காக்கப்படும்.

மூன்றாவது, எதிலிருந்து தொடங்குவது என்பது. எல்லைக்கோட்டையும் தீவையும் பற்றிய பெரு வியவகாரத்திலே தொடங்கினால் முதல் நாளே கலைய நேரும். சிறிய, கைக்கு எட்டும் காரியங்களிலே தொடங்க வேண்டும். அறுந்த வலைக் கணக்கு ஒன்றைச் சபை வைத்துக்கொள்ளட்டும். எவனுடைய வலை, எந்த நாள், எவ்விடத்தில், எந்தப் படகால் அறுந்தது என்று எழுதி, இரு கரைப் பிரதிநிதிகளும் விசாரித்து, மெய்யானால் நஷ்ட ஈடு கொடுக்கட்டும். புயலில் திசைதவறிய படகைப் பற்றி அன்றே தகவல் தெரிவிக்கும் கடமையை மேற்கொள்ளட்டும். இயந்திரம் பழுதாகி அக்கரை சேர்ந்தவனும் வேண்டுமென்றே எல்லை கடந்தவனும் ஒருவரல்லர் என்று சொல்லி நிற்க அக்கரைச் சங்கமே சாட்சியாகட்டும். சிறைப்பட்டவனுக்கு உடையும் வீட்டுச் செய்தியும் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். இவ்வாறு பத்துச் சிறிய வாக்குகளைக் காப்பாற்றிய பிறகு பெரிய வாக்கைக் கேட்கவும் கொடுக்கவும் இருவருக்கும் தைரியம் வரும்.

நான்காவது, பணம். சபையின் செலவைச் சர்க்காரோ, அரசியல் கக்ஷியோ, வெளிதேசத்துத் தர்ம ஸ்தாபனமோ கொடுக்குமானால், கொடுக்கிறவன் கை ஓய்ந்த நாளில் சபையும் ஓயும். படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு என்று சொற்பமாயினும் மீனவரே சந்தா செலுத்த வேண்டும். வரவுசெலவுக் கணக்கை இரு கரையிலும் பகிரங்கமாக ஒட்ட வேண்டும். கணக்கு மறைந்த இடத்தில் ஐயம் வளரும். ஐயம் வளர்ந்த இடத்தில் சங்கம் இரண்டாகும்.

ஐந்தாவதே தலையாயது. இழுவைத் தொழில் முடிவுறும் நாளை வலிய தரத்தார் குறித்துக் கொடுக்க வேண்டும். இலங்கை 2017-ம் வருஷத்தில் தன் கடலில் இழுவைத் தொழிலைச் சட்டத்தால் தடுத்தது. அதனால் அக்கரையிலும் இழுவைப்படகு வைத்திருந்த சிலர் நஷ்டமடைந்தனர். அவர்கள் தம்மவரையே தடுத்த பிறகு, பிறரை அனுமதிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது பேதைமை. இரு தரத்தாரில் வலை பெரியது யாருடையதோ, படகு மிகுந்தது யாருடையதோ, அவர்தாம் முதலடி வைக்க வேண்டும். ஒரே நாளில் முடியாதெனில் ஆண்டுதோறும் இத்தனை படகு குறையும் என்று கணக்கிட்டுக் கூறட்டும்; கூறியதை அக்கரைப் பிரதிநிதிகள் துறைமுகத்துக்கே வந்து எண்ணிப் பார்க்கட்டும்.

சர்க்காரின் கடமை

இவ்விடத்தில் சர்க்காரின் கடமையும் வருகிறது. இழுவைப்படகில் கடன் வாங்கிப் பணம் போட்டவனை வெறுங்கையோடு கரையில் நிறுத்திவிட்டுத் தர்மம் பேசுவது பொருந்தாது. 2017-ம் வருஷத்தில் இழுவைப்படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்றும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். அதில் பெரும்பகுதி மானியம். மூன்று வருஷத்தில் 2,000 படகுகள் என்பது நோக்கம். அந்த எண்ணிக்கையின் அருகேகூடத் திட்டம் செல்லவில்லை. காரணம் மறைவானதன்று. பாக் விரிகுடா மீனவன் மாலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவன். ஆழ்கடலில் பல நாள் தங்கிச் சூரை பிடிப்பது வேறு தொழில். வேறு துறைமுகமும், வேறு சந்தையும், வேறு தேர்ச்சியும், பெரிய கடனும் வேண்டுவது. மீனவரைக் கேட்டுத் திட்டம் வகுத்திருந்தால் இது முன்னரே தெரிந்திருக்கும். இனியாவது பழைய படகை நியாய விலைக்கு வாங்கி உடைப்பதும், வேறு தொழிலுக்குப் போக விரும்புகிறவனுக்கு முதல் கொடுப்பதும், பாதிப்பில்லாத வலைக்கு மாறுகிறவனுக்கு உதவுவதும் ஆகிய பல வழிகளைச் சங்கங்களைக் கலந்தே சர்க்கார் வகுக்க வேண்டும்.

சில ஆக்ஷேபங்கள்

கச்சத்தீவை மீட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்போர் பலர். 1974-ம் வருஷத்து உடன்படிக்கையைப் பற்றித் தமிழ்நாட்டில் உள்ள மனக்குறையை நாம் அறிவோம். அதை வாதிக்க இடங்கள் உள்ளன. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இழுவைப்படகுகள் தேடுவது தீவையன்று, இறாலை. அவை கச்சத்தீவையும் தாண்டி நெடுந்தீவு, மன்னார்க் கரைகளை அணுகுகின்றன. கோடு எங்கே மாறினாலும் அறுபட்ட வலைக்கு அது நஷ்ட ஈடாகாது. தீவு நம்மிடம் வந்த மறுநாளும் அக்கரை மீனவன் அதே கேள்வியைத்தான் கேட்பான்.

மீனவர் சங்கங்கள் செய்யும் ஒப்பந்தம் தேசங்களைக் கட்டுப்படுத்துமோ என்று கேட்பர் சிலர். கட்டுப்படுத்தாது, வாஸ்தவம். ஆனால் தேசங்கள் செய்த ஒப்பந்தம் நள்ளிரவில் நடுக்கடலில் மீனவனைக் கட்டுப்படுத்திற்றா? ஐம்பது வருஷ அனுபவம் இல்லையென்கிறது. மீனவன் சம்மதித்த ஒப்பந்தத்தைச் சர்க்கார் முத்திரையிட்டு வலுப்படுத்த வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

இன்னும் சிலர், இவ்வாறு எழுதுவது கடற்படையின் கொடுமைக்கு இடங்கொடுப்பதாகும் என்பர். அவர்களுக்கு நமது விடை தெளிவானது. எல்லை கடந்தது குற்றமாயினும் அதற்குத் தண்டனை உயிரன்று. இந்திய மீன்பிடி படகுகளைச் சுடுவதில்லை என்று 2008-ம் வருஷம் அக்டோபரில் இரு சர்க்கார்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. அதற்குப் பின்னரும் 2021-ம் வருஷம் ஜனவரியில் கடற்படைக் கப்பலோடு நேர்ந்த மோதலில் நம் கரையிலிருந்து சென்ற நால்வர் மாண்டனர். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கை அகதி. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வடமராட்சிக் கரையில் இரு மீனவர்கள் உயிரிழந்தபோது, இழுவைப்படகுகளே காரணமென்று அவ்வூர் மக்கள் தெருவில் இறங்கி நின்றனர். அழுத தாய்மார் இரு கரையிலும் தமிழிலேயே அழுதனர். இக்கரைப் பிணத்துக்கு மட்டும் கண்ணீரும் அக்கரைப் பிணத்துக்கு மௌனமும் என்பது நமது கொள்கையாகலாகாது. கடற்படையின் வன்முறையைக் கண்டிக்கும் உரிமை, அக்கரை ஏழையின் வலையையும் மதிப்பவனுக்கே பூரணமாக உண்டு.

தேசத் தொண்டர்க்கு

இறுதியாக நமது நேயர்களில் பொதுக்காரியங்களில் ஈடுபட்டோரை நோக்கி ஒரு வார்த்தை. மீனவர் பொருட்டு ஊர்வலம் நடத்துவது எளிது; துறைமுகத்தில் மேடை போட்டு முழங்குவதும் எளிது. அங்கே பல சங்கங்களாகப் பிரிந்து நிற்பவர்களை ஒரே பாயில் அமரச் செய்வது அரிது. கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதி வைப்பதும், அறுந்த வலைக் கணக்கைச் சரிபார்ப்பதும், சிறைப்பட்ட தொழிலாளியின் வீட்டுக்குப் போய் அவன் மனைவி பெயரில் மனு எழுதிக் கொடுப்பதும் கைதட்டல் பெறாத வேலைகள். உறவுகளை நிலைக்கச் செய்வன அவ்வேலைகளே. வக்கீல்களும் உபாத்தியாயர்களும் வாலிபர்களும் இதில் மனம் வைப்பார்களானால், ராமேசுவரத்திலும் ஜகதாப்பட்டினத்திலும் நாகையிலும் இவ்வேலை நாளையே தொடங்கலாம். ஆனால் தலைமை மீனவரிடத்தே இருக்க வேண்டும். உதவச் சென்றவர் எஜமானராகிவிட்ட சங்கங்கள் நம் நாட்டில் போதுமான அளவு அழிந்திருக்கின்றன.

தடைக்காலம் வருஷந்தோறும் தவறாமல் வருகிறது. படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில் முதற் கூட்டத்தைக் கூட்டுவதற்கு டெல்லியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கரையின் மூவகை மீனவரும் முதலில் தமக்குள் கூடட்டும். இழுவலையைக் குறைக்கும் கணக்கை எழுத்தில் வைத்துக்கொண்டு, அக்கரைச் சம்மேளனத்துக்கு அழைப்பு அனுப்பட்டும். வெறும் வேண்டுகோளோடு பலமுறை சென்றாயிற்று; இம்முறை ஒரு வாக்கோடு செல்லட்டும். அவ்வாக்கு காக்கப்படும் நாளில், கைதுச் செய்தியை அச்சிடும் வேலை பத்திரிகைகளுக்கு இல்லாமற் போகும். அந்நாளை விரைவிற் கொணர்வது இரு கரைச் சங்கங்களின் கையில் இருக்கிறது.